கிளிக்குச் சொன்ன பெயர்



நம் பங்கு நூலகம் உங்களில் பலருக்குத் தெரியும். ஆலயத்துக்கு வலப்பக்கம், முன்பு உடைந்த சுரூபங்களும் தேர்ச் சாமான்களும் போட்டு வைத்திருந்த அறை. இரண்டு இரும்பு அலமாரி, ஒரு மேசை, பெயரும் தேதியும் எழுத ஒரு நோட்டு. ஞாயிறு இரண்டாம் திருப்பலி முடிந்ததும் அரை மணி நேரம் திறந்திருக்கும். போன வாரம் பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்த நம் பங்குப் பிள்ளை ஒருத்தி புத்தகம் ஒன்றைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். 'படிச்சுப் பாரும்மா' என்று நானே எடுத்துக் கொடுத்த புத்தகம்தான். ராபின்சன் குருசோ.

நோட்டில் தேதி போட்டுக்கொண்டே, "எப்படிம்மா இருந்துச்சு?" என்றேன்.

"பாதி வரைக்கும் ரொம்பப் பிடிச்சது, ஃபாதர். அதுக்கப்புறம் பிடிக்கல."

"ஏன்?"

"கிளிக்குத் தன் பேரைச் சொல்லிக் கொடுத்தான். மனுஷனுக்குச் சொல்லல."

வெளியே அவள் அம்மா கூப்பிட்டார். "வர்றேன் ஃபாதர்" என்று போய்விட்டாள். நான் அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைக்கவில்லை. என் அறைக்கு எடுத்துப் போய், இந்த ஒரு வாரமும் இரவில் மறுபடி படித்தேன். இன்று நல்லாயன் ஞாயிறு. தன் ஆடுகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் ஆயரைப் பற்றி இப்போதுதான் நற்செய்தியில் கேட்டோம். அந்தப் பிள்ளை சொன்ன ஒரு வரியும் இந்த நற்செய்தியும் வாரம் முழுக்க எனக்குள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருந்தன. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

படிக்காதவர்களுக்காகக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன். 1719இல் லண்டனில் வெளிவந்த நாவல் இது. எழுதியவர் டேனியல் டீஃபோ. அப்போது அவருக்கு அறுபதை நெருங்கும் வயது. வியாபாரத்தில் நொடித்துப்போய்க் கடன் சுமந்தவர். தான் எழுதிய ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக 1703இல் லண்டன் தெருவில் கழுத்தையும் கையையும் மரச்சட்டத்தில் மாட்டி, ஊரார் பார்க்க நிறுத்தப்பட்டவர். தலைகுனிவு என்றால் என்னவென்று தெரிந்த மனிதர். அவர் படைத்த குருசோ, 'கடலுக்குப் போகாதே மகனே' என்று தகப்பன் கண்ணீரோடு சொல்லியும் கேட்காமல் போகிறான். 1659 செப்டம்பர் 30ஆம் தேதி அவன் கப்பல் உடைகிறது. தென் அமெரிக்காவில் ஒரினோக்கோ ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே, மனிதர் இல்லாத ஒரு தீவில் அவன் ஒருவன் மட்டும் கரையேறுகிறான். அங்கே இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறான்.

கூட வந்தவர்கள் என்ன ஆனார்கள்? அவன் கண்ணில் பட்டவை மூன்று தொப்பிகள், ஒரு குல்லாய், பிறகு ஒன்றுக்கொன்று ஜோடி சேராத இரண்டு செருப்புகள். அவ்வளவுதான். இந்தக் கரையில் இருக்கும் உங்களுக்கு நான் இதற்கு விளக்கம் சொல்ல வேண்டாம். திரும்பி வராத வள்ளத்தின் துடுப்பு மட்டும் ஒதுங்கிய காலை எப்படி இருக்கும் என்று உங்களில் சில குடும்பங்களுக்குத் தெரியும்.

அன்பானவர்களே, இந்த நாவலில் நான் பல வருடங்களாக நேசிக்கும் இடம் ஒன்று உண்டு. கப்பலிலிருந்து எடுத்து வந்த ஒரு சிறிய பை. கோழிக்குப் போட வைத்திருந்த தானியம் அதில் இருந்தது. எலி தின்று வெறும் உமியும் தூசியும்தான் மிச்சம் என்று நினைத்து, பாறைக்குப் பக்கத்தில் பையை உதறிவிடுகிறான். அப்புறம் பெருமழை. ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பச்சையாக ஏதோ முளைத்திருக்கிறது. இன்னும் சில நாளில் பத்துப் பன்னிரண்டு கதிர் தலைகாட்டுகிறது. பார்லி! தன் நாட்டில் பார்த்த அதே பார்லி. விதைக்கவே இல்லையே, கடவுள்தான் எனக்காக முளைக்க வைத்தார் என்று கண் கலங்குகிறான். அதுவரை கடவுளைப் பற்றி நினைத்தே பார்க்காதவன் அவன். பிறகு, பை உதறியது ஞாபகம் வருகிறது. 'ஓ, அதனாலா' என்கிறான். காரணம் தெரிந்ததும் நன்றி வற்றிவிட்டது.

இந்த இடத்தில் நான் எப்போதும் புத்தகத்தை மடித்து வைத்துவிடுவேன். நம் கதையும் இதுதானே? பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது. 'டாக்டர் நல்ல மருந்து கொடுத்தார்.' கடன் அடைந்தது; 'சீட்டுப் பணம் சரியான நேரத்துக்கு வந்துச்சு.' எல்லாம் உண்மைதான். ஆனால் காரணம் தெரிந்த பிறகு கடவுளுக்கு நன்றி சொல்ல நம்மால் முடிகிறதா? குருசோவே பின்னால் யோசித்துப் பார்க்கிறான். எலி தின்றதுபோக அந்தச் சில மணிகள் கெடாமல் இருந்ததும், வேறெங்கும் உதறாமல் பாறை நிழலில் உதறியதும் வானத்திலிருந்து விழுந்ததற்குக் குறைந்ததா? அந்தக் கதிர்களை எடுத்து வைத்து, மறுபடி விதைத்து, நாலாவது வருடம்தான் அதில் கொஞ்சம் எடுத்துச் சாப்பிடத் துணிகிறான். ஆண்டவருடைய இரக்கம் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது, சகோதரர்களே. உமியோடு உமியாக, நம் கையாலேயே உதறப்பட்டு. அடையாளம் தெரியாமல் நாம் கடந்து போனாலும் அது முளைப்பதை நிறுத்துவதில்லை.

இன்னொரு இடம். முதல் பயணத்திலேயே ஒரு கப்பல் முழுகி, உயிர் தப்பிக் கரைக்கு வந்தவன், நேரே வீட்டுக்குப் போயிருக்கலாம். ஊதாரி மகன் உவமையை அவனே நினைக்கிறான். அப்பா கொழுத்த கன்றை அடித்து வரவேற்றிருப்பார் என்று அவனுக்கே தெரியும். ஆனாலும் போகவில்லை. ஏன்? பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்களே! பாவம் செய்ய வெட்கப்படாத மனிதன் மனம் திரும்ப வெட்கப்படுகிறான் என்று அவனே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்கிறான். ஒப்புரவு அருளடையாளத்துக்கு வருடக்கணக்கில் வராமல், சனிக்கிழமை சாயங்காலம் கெபி வரை வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுத் திரும்பிப் போகிறவர்களை நான் பார்க்கிறேன். உங்களைக் கடிந்துகொள்ள இதைச் சொல்லவில்லை. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே இருப்பவர் பக்கத்து வீட்டுக்காரர் அல்ல, தகப்பன்.

தீவில் முதல் வருடம், 1660 ஜூன் மாதம், குருசோவுக்குக் குளிர்காய்ச்சல் வருகிறது. தண்ணீர் எடுத்துக் கொடுக்க ஆளில்லை. காய்ச்சலுக்குப் புகையிலையை மருந்தாக எடுக்கப் பெட்டியைத் திறக்கிறான். அதற்குள் விவிலியமும் இருக்கிறது. திறந்ததும் கண்ணில் படுவது, துன்ப நாளில் என்னைக் கூப்பிடு என்று கடவுள் சொல்லும் திருப்பாடல். வாழ்க்கையிலேயே முதல்முறையாக அன்று முழந்தாளிடுகிறான். 'விடுவிப்பேன்' என்ற சொல்லை முதலில் தீவிலிருந்து விடுவிப்பார் என்று எடுத்துக்கொள்கிறான். போகப் போக, தன் பாவத்திலிருந்து விடுவிக்கப்படுவதுதான் பெரிய விடுதலை என்று புரிந்துகொள்கிறான். இந்தப் பகுதி சிறுவர் பதிப்புகளில் பெரும்பாலும் இருக்காது. வெட்டிவிடுவார்கள். ஆடும் குடையும் காலடித் தடமும்தான் மிஞ்சும். முழுப் புத்தகத்தைப் படிக்கும்போதுதான் இது ஒரு மனிதனுடைய நீண்ட பாவசங்கீர்த்தனம் என்று தெரிகிறது.

இனி அந்தக் கிளி.

தீவைச் சுற்றிப் பார்க்கச் சின்னத் தோணியில் புறப்பட்ட குருசோவை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. செத்தோம் என்றே முடிவு செய்தவன் எப்படியோ கரை சேர்ந்து, நடந்து, தீவின் உட்பகுதியில் தான் போட்டு வைத்திருந்த குடிலுக்கு வந்து அடித்துப் போட்டதுபோலத் தூங்குகிறான். தூக்கத்தில் ஒரு குரல் அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறது. எங்கே இருக்கிறாய், எங்கே போயிருந்தாய் என்று கேட்கிறது. பதறி எழுந்தால், வேலி மேல் அவன் வளர்த்த கிளி! தனிமையில் அவன் புலம்பிப் புலம்பிச் சொல்லிக் கொடுத்த வார்த்தைகளையே அது திருப்பிச் சொல்கிறது.

ஏதேன் தோட்டத்தில் மரங்களுக்கு நடுவே ஒளிந்த ஆதாமைப் பார்த்து ஆண்டவர் கேட்ட முதல் கேள்வியும் அதுதான். நீ எங்கே இருக்கிறாய்? தண்டிக்கத் தேடுகிறவர் அப்படிக் கேட்பதில்லை. பிள்ளை வீட்டுக்கு வராத இரவில் தெருமுனை வரை போய் நிற்கும் தாய் கேட்கிற கேள்வி அது. பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு குரல் இல்லாமல் மனிதனால் இருக்க முடியாது. அதனால்தான் குருசோ ஒரு கிளியையாவது பழக்கி வைத்தான்.

அந்தப் பிள்ளை சொன்னது இங்கேதான் என்னைத் தைக்கிறது.

இருபத்தைந்தாம் வருடத்தில் அந்தத் தீவுக்கு வேறு மனிதர்கள் ஓர் இளைஞனைக் கொன்று தின்னக் கொண்டு வருகிறார்கள். அவன் தப்பி ஓடுகிறான். குருசோ காப்பாற்றுகிறான். அந்த இளைஞன் தரையில் விழுந்து, குருசோவின் பாதத்தை எடுத்துத் தன் தலைமேல் வைத்துக்கொள்கிறான். இத்தனை வருடம் மனிதக் குரலுக்கு ஏங்கியவன் முதலில் என்ன கேட்டிருக்க வேண்டும்? உன் பெயர் என்னப்பா என்றுதானே? மொழி தெரியாது, ஆனால் நெஞ்சில் கைவைத்துத் தன் பெயரைச் சொல்லி, அவன் நெஞ்சைக் காட்டிக் கேட்க மொழி எதற்கு? குருசோ அப்படிக் கேட்கவே இல்லை. காப்பாற்றிய நாள் வெள்ளிக்கிழமை என்பதால் அவனுக்கு 'ஃப்ரைடே' என்று பெயர் வைக்கிறான். தீவில் நாள் கணக்கு வைத்ததில் ஓரிரு நாள் தவறிவிட்டது என்று இதே குருசோ வேறொரு பக்கத்தில் ஒத்துக்கொள்கிறான். அப்படியானால் அது வெள்ளிக்கிழமைதானா என்பதுகூட உறுதியில்லை. அடுத்து, தன்னை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கற்றுக்கொடுக்கிறான்: 'எஜமான்.' இதுதான் என் பெயர் என்கிறான்.

கிளி அவனை ராபின் என்று கூப்பிட்டது. ஃப்ரைடேயால் ஒருநாளும் அப்படிக் கூப்பிட முடியவில்லை. எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், என் கண்ணில் படவில்லை. பதினேழு வயதுப் பிள்ளையின் கண்ணில் பட்டுவிட்டது.

அந்தக் கண்ணோடு திரும்பிப் படித்தபோது இன்னும் சில தெரிந்தன. இளமையில் அடிமையாகப் பிடிபட்டிருந்த குருசோ ஒரு சிறுவனோடு படகில் தப்பி வருகிறான். சூரி என்று அவன் பெயர். தண்ணீர் எடுக்கக் கரையில் இறங்கும்போது, காட்டு மனிதர்கள் வந்தால் என்னைத் தின்னட்டும், நீங்கள் தப்பிப் போய்விடுங்கள் என்று சொன்ன பிள்ளை. நண்பருக்காக உயிரைக் கொடுப்பதைவிட மேலான அன்பு இல்லை என்று நம் ஆண்டவர் சொன்னது அந்தச் சிறுவன் வாயில் வந்துவிட்டது. அவனைக் குருசோ அறுபது வெள்ளிக் காசுக்கு ஒரு கப்பல் தலைவனிடம் கொடுத்துவிடுகிறான். முதலில் தயங்குகிறான், பத்து வருடத்தில், கிறிஸ்தவனானால் விடுவிப்பேன் என்று அந்தத் தலைவன் எழுதிக் கொடுத்ததும் சம்மதிக்கிறான். வெள்ளிக் காசு என்று படித்தபோது என் மனம் எங்கே போயிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிறகு ஒருநாள், அவனை விட்டது தப்பாகப் போச்சே என்று குருசோ வருந்துகிறான். எதற்கு? பிரேசில் தோட்டத்தில் வேலைக்கு ஆள் பற்றாக்குறை. உடைந்துபோன அந்தக் கடைசிக் கப்பல் எங்கே போய்க்கொண்டிருந்தது? ஆப்பிரிக்காவில் மனிதர்களை வாங்கி வந்து அடிமைகளாக வேலை வாங்கப் போய்க்கொண்டிருந்தது. தகப்பன் சொல் கேட்காததற்காகப் பக்கம் பக்கமாக அழுகிறவன், இதற்காக அப்படி அழவில்லை.

நாவலிலேயே என்னை மிகவும் கலங்க வைத்த காட்சியை இப்போது சொல்கிறேன். இன்னும் சிலரை அந்தக் கரைக்குக் கொல்லக் கொண்டு வருகிறார்கள். குருசோவும் ஃப்ரைடேயும் சண்டையிட்டு விரட்டிய பிறகு, ஒரு தோணிக்குள் கைகால் கட்டிய ஒரு கிழவர் கிடக்கிறார். ஃப்ரைடே குனிந்து அவர் முகத்தைப் பார்க்கிறான். அவனுடைய அப்பா! கட்டிக்கொள்கிறான், முத்தமிடுகிறான், சிரிக்கிறான், அழுகிறான், குதிக்கிறான், மறுபடி அழுகிறான். அப்பாவின் தலையைத் தன் மார்போடு அணைத்துக்கொள்கிறான். கயிறு இறுக்கி மரத்துப்போன அவர் கணுக்கால்களைத் தன் கையால் தேய்த்துவிடுகிறான். தண்ணீர் கொண்டுவர ஓடுகிறான், ரொட்டியோடு வருகிறான். கொல்லவும் தின்னவும் மட்டுமே தெரிந்தவர்கள் என்று எந்த மக்களைக் குருசோ நினைத்தானோ, அவர்களில் ஒருவன் காட்டிய பாசத்தைப் பார்த்து அவனே நெகிழ்ந்துபோகிறான். தன் தகப்பனைக் கடைசியாகப் பார்க்காமல் போனவன் அவன். ஊர் திரும்பியபோது அப்பாவும் அம்மாவும் இறந்துபோயிருந்தார்கள்.

அந்தக் கிழவர் கண் திறந்து மகனைப் பார்த்ததும் ஏதோ ஒரு பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பார் அல்லவா? பிறந்த அன்று அவர் வைத்த பெயர். அது குருசோ காதில் விழுந்திருக்கும். புத்தகத்தில் அது இல்லை.

அதே ஃப்ரைடேதான் ஒருநாள் மறைக்கல்வி கேட்டுக்கொண்டிருக்கும்போது, கடவுளுக்கு அவ்வளவு பலம் இருந்தால் பிசாசை ஏன் கொன்றுவிடவில்லை என்று கேட்கிறான். குருசோவுக்குப் பதில் தெரியவில்லை; காதில் விழாததுபோல இருக்கிறான். பிறகு சமாளித்து, உன்னையும் என்னையும்கூடத்தான் கொல்லவில்லை, மனம் திரும்பி மன்னிப்புப் பெறவே விட்டுவைத்திருக்கிறார் என்கிறான். ஃப்ரைடே சற்று யோசித்துவிட்டு மகிழ்ச்சியோடு, அப்படியானால் எல்லாரும் மனம் திரும்பலாம், கடவுள் எல்லாரையும் மன்னிப்பார் என்கிறான். குருசோ திகைத்து, ஏதோ வேலை சொல்லி அவனைத் தூர அனுப்பிவிட்டு, உருக்கமாகச் செபிக்கிறான். கடவுளின் இரக்கம் எவ்வளவு பெரியது என்று பேச வந்தவனைவிட, கேட்டுக்கொண்டிருந்தவன் அதை அகலமாகப் பிடித்துக்கொண்டான்.

சகோதர சகோதரிகளே, நம் ஆண்டவரைப் பாருங்கள். கல்லறைகளில் அலைந்து, ஊரே சங்கிலி போட்டுக் கட்டிய மனிதனிடம், உன் பெயர் என்ன என்று அவர் கேட்டார். கல்லறைத் தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த மகதலா மரியாவுக்கு அவர் யாரென்று விளங்கியது, பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான். செல்வரும் ஏழையும் உவமையில் செல்வருக்குப் பெயரே இல்லை. வாசலில் புண்ணோடு கிடந்தவருக்கு இலாசர் என்று பெயர் இருக்கிறது. உலகம் இதைத் தலைகீழாகத்தான் சொல்லும்.

நாம் எப்படிச் சொல்கிறோம்? வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவின் பெயர் உங்களுக்குத் தெரியுமா? வலை இழுக்க வந்திருக்கும் வெளியூர்ப் பையன்களுக்கு என்ன பெயர்? 'வடக்கன்' என்கிறோம், 'ஹிந்திக்காரன்' என்கிறோம். அவர்களுக்கும் ஓர் ஊர் இருக்கிறது, பெயர் வைத்த ஓர் அப்பா இருக்கிறார்.

நான் உங்களைக் கேட்பதற்கு முன் என்னைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. நம் ஆலயத் தரைக்கு டைல்ஸ் பதித்தார்களே, மூன்று மாதம். அதில் ஓர் இளைஞர் தினமும் காலையில் என் அறை வாசலில் தண்ணீர் பிடிக்க வருவார். 'தம்பி' என்று கூப்பிடுவேன். டீ கொடுப்பேன். அன்பாகத்தான் இருந்தேன். பெயர் கேட்கவில்லை. இப்போது நம் சமூகக்கூட வேலையில் இருக்கிறார். புதன்கிழமை சாயங்காலம் போய், எனக்குத் தெரிந்த கொஞ்சம் ஹிந்தியில் கேட்டேன். கையில் ஒட்டியிருந்த சிமெண்டைத் துடைத்துக்கொண்டு சொன்னார். பிறகு என் பெயரைக் கேட்டார். பங்குக்கு வந்து நாலு வருடத்தில் என்னிடம் 'உங்க பேரு என்ன ஃபாதர்' என்று கேட்டவர்கள் அதிகம் இல்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. ஊர் எது என்றேன். ஜார்க்கண்டில் சிம்டேகா என்றார். சட்டைக்குள்ளிருந்து கறுப்புக் கயிற்றில் கோத்த மாதா மெடலை வெளியே எடுத்துக் காட்டினார்.

நாம் முழந்தாளிடும் இந்தத் தரையைப் பதித்தவர் நம்மைப் போலவே நற்கருணை வாங்குகிறவர். மூன்று மாதமும் ஞாயிறு திருப்பலி நடக்கும்போது வெளியே மணல் குவியலுக்குப் பக்கத்தில் நின்றிருக்கிறார். ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன். யாரும் கூப்பிடவில்லை என்றார். குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதிலாகச் சொன்னார்.

எனக்கு அன்று இரவு தூக்கம் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அன்பானவர்களே, ஆறுதலும் அதே புத்தகத்தில்தான் கிடைத்தது. அடிமை வாங்கப் போன கப்பலில் இருந்தவனுக்குத்தான் ஆண்டவர் பாறை நிழலில் பார்லி முளைக்க வைத்தார். சூரியை விற்றவன்தான் காய்ச்சலில் கூப்பிட்டான். அவனுக்குத்தான் பதில் வந்தது. நீ இன்னும் பாதிகூட மனம் திரும்பவில்லையே என்று அவர் காத்திருக்கவில்லை. பாதி வழியில் இருக்கிறவனோடு கூடவே நடந்தார். அந்தப் பிள்ளை சொன்னது முழுக்கச் சரி. இருந்தாலும் இந்தப் புத்தகத்தை அவள் எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கப்போகிறேன். குருசோவை ஆண்டவர் தள்ளிவிடவில்லை. நான் தள்ளிவிட முடியாது.

இன்று காலை முதல் திருப்பலிக்கு அந்த இளைஞர் வந்திருந்தார். கூட இன்னும் இரண்டு பேர். கடைசி வரிசையில், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு. இயேசு கற்பித்த செபத்தை நாம் தமிழில் சொன்னபோது, அவர்கள் தங்கள் மொழியில் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நம் எல்லாருடைய குரலும் முடிந்த பிறகும் அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. அவர் முடிக்கும்வரை பீடத்தில் காத்திருந்துவிட்டு, அடுத்த செபத்தைத் தொடங்கினேன்.